காணாமற்போனவரைத் தேடும் கணக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களே,

"ஆஸ்பத்திரிக்கு மருந்து வேண்டும், கட்டில் வேண்டும். கம்ப்யூட்டரும், அதன்முன் உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஓர் ஆளும் எதற்கு?" என்று நமது ஊழியத்தைத் தாங்குகிறவர்களில் சிலர் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வி. உங்கள் காணிக்கை எந்த வேலைக்குப் போகிறது என்று நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஆகவே அந்த அறையில் நடக்கிற ஒரு வேலையை இந்த இதழில் விளக்குகிறோம். இரண்டு பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே அந்த வேலை.

வேதத்தில் இரண்டு பட்டியல்கள்

எண்ணாகமத்தைத் திறந்து 1-ஆம் அதிகாரத்தையும் 26-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். யுத்தத்துக்குப் போகத்தக்க இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களை இஸ்ரவேலர் இரண்டு முறை எண்ணினார்கள். முதல் தடவை சீனாய் வனாந்தரத்தில், அடுத்த தடவை வனாந்தர யாத்திரையின் முடிவில் மோவாப் தேசத்தில். முதல் தொகை 6,03,550. இரண்டாம் தொகை 6,01,730. வித்தியாசம் 1,820 பேர் மாத்திரமே.

மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர், "ஏறக்குறைய அப்படியே இருக்கிறார்கள்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவார். கோத்திரம் கோத்திரமாகப் பார்த்தால் நிலைமை வேறு. சிமியோன் கோத்திரத்தார் 59,300 பேராயிருந்து 22,200 பேராகிவிட்டார்கள். 37,100 பேர் குறைவு. ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் இல்லை. ஆசேர் 41,500-லிருந்து 53,400 ஆனது. இசக்கார் 54,400-லிருந்து 64,300 ஆனது. ஒருவருடைய பெருக்கம் மற்றவருடைய இழப்பை மூடி மறைத்துவிட்டது.

இந்தப் பட்டியல்களில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. முதல் பட்டியலில் எப்பிராயீம் ஏழாவதாகவும் மனாசே எட்டாவதாகவும் வருகிறார்கள். இரண்டாவதில் மனாசே முந்தி, எப்பிராயீம் பிந்தி. வரிசையைப் பாராமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கழித்தால், எப்பிராயீம் 12,200 கூடியதாகவும் மனாசே 300 கூடியதாகவும் கணக்கு வரும். உண்மையில் எப்பிராயீம் 40,500-லிருந்து 32,500 ஆகி 8,000 குறைந்தது. மனாசே 32,200-லிருந்து 52,700 ஆகி 20,500 கூடியது. தவறான கணக்கிலும் சரியான கணக்கிலும் இருவருக்கும் சேர்த்து வரும் கூடுதல் 12,500 தான்! ஆகையால் மொத்தத்தைச் சரிபார்த்து இந்தத் தவறைக் கண்டுபிடிக்கவே முடியாது. பெயருக்குப் பெயர் பார்த்தால்தான் தெரியும்.

நமது ஆஸ்பத்திரியின் இரண்டு பட்டியல்கள்

இப்போது காசநோய்ப் பிரிவுக்கு வருவோம். சிகிச்சைக்குப் பதிவானவர்கள் அனைவரும் ஒரு பட்டியலில் இருக்கிறார்கள். இந்த மாதம் வந்து மருந்து வாங்கினவர்கள் மற்றொரு பட்டியலில் இருக்கிறார்கள். விளக்கத்துக்காக, இரண்டிலும் 60 வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று திருப்தியடையலாமா? மருந்துப் பட்டியலில் இரண்டு பேர் இரண்டிரண்டு தடவை எழுதப்பட்டிருக்கலாம். பதிவேட்டில் இல்லாத ஒருவர் அதில் இடம்பெற்றிருக்கலாம். அப்படியானால் பதிவானவர்களில் மூன்று பேர் வரவேயில்லை. தொகையோ 60-ம் 60-ம் என்று சரியாகவே நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க உதவுவதுதான் எக்செல் போன்ற விரிதாள். கட்டம் போட்ட பெரிய கணக்கு நோட்டு கம்ப்யூட்டருக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வேலை இந்த வரிசையில் நடக்கிறது:

1. அடையாளத்தைத் தெரிந்துகொள்ளுதல். பெயரை வைத்து ஒப்பிடக்கூடாது. ஒரே ஊரில் நான்கு மேரிகள் இருப்பார்கள். செல்வராஜ் என்பவரே ஓரிடத்தில் எஸ். செல்வராஜ், வேறோரிடத்தில் செல்வராசு. ஆகவே ஒருவருக்கு ஒன்றாகக் கொடுக்கப்பட்ட நோயாளி எண்தான் இரண்டு பட்டியல்களிலும் இருக்க வேண்டும்.

2. சுத்தம் செய்தல். எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்கு அது வேறு எண். சில எண்கள் எழுத்துகளாகப் பதிவாகியிருக்கும். முதலில் இவற்றைச் சரிசெய்யாவிட்டால், ஒழுங்காக வந்து போகிறவரையும் வராதவர் என்று காட்டக்கூடும்.

3. தேடுதல். "கவுண்ட்இஃப்" என்றொரு சூத்திரம் உண்டு. முதல் பட்டியலின் ஒவ்வொரு எண்ணும் இரண்டாம் பட்டியலில் எத்தனை தடவை வருகிறது என்று அது எண்ணிச் சொல்லும். 1 என்றால் வந்து போயிருக்கிறார். 2 என்றால் இரட்டைப் பதிவு, விசாரிக்க வேண்டும். 0 என்றால் அவர் வரவில்லை.

4. திருப்பித் தேடுதல். பலர் விட்டுவிடுகிற படி இது. இரண்டாம் பட்டியலின் ஒவ்வொரு எண்ணையும் முதல் பட்டியலில் தேட வேண்டும். இங்கே 0 வந்தால், பதிவேட்டில் ஏறாமலே ஒருவர் மருந்து வாங்கிப்போகிறார் என்று அர்த்தம். 2012 முதல் இந்தியாவில் காசநோய் அரசாங்கத்துக்குக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய். பதிவில் இல்லாதவர் அந்த அறிவிப்பிலும் விடுபட்டுப்போவார்.

5. விவரத்தை ஒப்பிடுதல். இரண்டிலும் இருக்கிறவருக்கு, கொடுக்க வேண்டிய மாத்திரையும் கொடுத்த மாத்திரையும் ஒன்றுதானா என்று பார்க்க "வீலுக்கப்" சூத்திரம் உதவும். துல்லியமாகப் பொருந்தும் எண்ணே வேண்டும் என்று அதில் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால், தேடிய எண் இல்லாதபோது வேறொருவருடைய விவரத்தை எடுத்துக் கொடுத்துவிடும்.

இத்தனை கவனம் ஏன்?

வழக்கமான காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதம். ஒன்றிரண்டு மாதத்திலேயே பலருக்கு இருமலும் காய்ச்சலும் தணிந்துவிடும், பசியெடுக்கும், உடம்பு தேறும். "சுகமாகிவிட்டது, இனி மருந்து எதற்கு?" என்று நிறுத்திவிடத் தோன்றும். உள்ளே மிஞ்சின கிருமிகள் மறுபடியும் பெருகும். சில வேளை மருந்துக்கு அடங்காத கிருமிகளாகவும் மாறிவிடும். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அது பரவக்கூடும். ஆகவே அந்த 0 என்ற எண் ஒரு குடும்பத்தின் காரியம்.

முற்காலத்தில் காசநோயாளிகள் மாதக்கணக்கில் சானடோரியத்தில் தங்கியிருந்தார்கள். மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மிஷன் சங்கங்கள் சேர்ந்து நடத்திய சானடோரியத்தை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். நோயாளி கட்டிலில் இல்லாவிட்டால் அங்கே உடனே தெரிந்துவிடும். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. சானடோரியத்தில் சிகிச்சை பெற்றவர்களையும், அதே மருந்தை வீட்டிலிருந்தே சாப்பிட்டவர்களையும் அங்கே ஒப்பிட்டார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்றும், அதனால் வீட்டாருக்கு நோய் அதிகமாகத் தொற்றிவிடவில்லை என்றும் கண்டார்கள். 1959-ல் அந்த முடிவு வெளியானது. ஏழைகள் வேலையையும் பிள்ளைகளையும் விட்டுப் பிரியாமல் சிகிச்சை பெற அது வழி திறந்தது. அன்றுமுதல் வெறுங்கட்டிலைப் பார்த்து வராதவரை அறிய முடியாது. பட்டியல்தான் காட்ட வேண்டும்.

பட்டியல் சொல்லாதது

யார் வரவில்லை என்று பட்டியல் சொல்லும். ஏன் வரவில்லை என்று சொல்லாது. பஸ் கட்டணம் இல்லாதிருக்கலாம். கரும்பு வெட்டவோ கட்டட வேலைக்கோ வெளியூர் போயிருக்கலாம். மாத்திரை வயிற்றைப் புரட்டியிருக்கலாம். அக்கம்பக்கத்தார் அறிந்துவிடுவார்கள் என்ற கூச்சமாயிருக்கலாம். வேறு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக்கொண்டும் இருக்கலாம். ஆகவே பெயர்களை எடுத்துக்கொண்டு நமது கிராம ஊழியர் வீடு தேடிப் போகிறார். கடிந்துகொள்ள அல்ல, காரியம் என்னவென்று கேட்க. அந்த நடைக்கு வழிகாட்டுவதே கம்ப்யூட்டர் அறையின் வேலை.

நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போன உவமையை நாம் பலமுறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். மந்தையைப் பொதுவாகப் பார்த்தால் தொண்ணூற்றொன்பதும் நூறும் ஒன்றுபோலவே தெரியும். எண்ணிப் பார்த்தபடியால்தான் மேய்ப்பனுக்குத் தேடிப்போக வேண்டும் என்பது தெரிந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

காணிக்கைகளையும் இதே முறையில்தான் சரிபார்க்கிறோம். வங்கிக் கணக்கில் வந்த தொகைகள் ஒரு பட்டியல். நாம் அனுப்பிய ரசீதுகள் மற்றொரு பட்டியல். வங்கியில் தொகை மட்டும் வந்து, அனுப்பினவர் யாரென்று விளங்காவிட்டால் ரசீது அனுப்ப வழியில்லை. ஆகவே வங்கி மூலமாகக் காணிக்கை அனுப்பும்போது உங்கள் பங்காளர் எண்ணைத் தவறாமல் குறிப்பிடுங்கள். அனுப்பியும் ரசீது கிடைக்காதவர்கள் தேதியையும் தொகையையும் எழுதி அனுப்பினால் தேடிப் பார்த்துப் பதில் எழுதுவோம்.

ஜெபக் குறிப்புகள்

* சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினவர்கள் திரும்பி வந்து முழுச் சுகம் பெற ஜெபியுங்கள்.
* வெயிலிலும் மழையிலும் வீடு வீடாய்ச் செல்லும் கிராம ஊழியர்களின் பாதுகாப்புக்காக ஜெபியுங்கள்.
* பதிவேடுகளை எழுதுகிறவர்களும் ஒப்பிடுகிறவர்களும் சலிப்பில்லாமல் உண்மையாய் உழைக்க ஜெபியுங்கள்.



கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி குடும்பத்தார்