சம்பளம் ஒன்று, கணக்கு பல: கணினியில் மறந்துபோகும் ஒரு வரி

மலையகத் தோட்டங்களில் மாதத்தின் பத்தாம் திகதி சம்பள நாள். அன்று கைக்கு வரும் சம்பளத் துண்டில் எத்தனை பேர், மேலதிகக் கிலோ எவ்வளவு, சேமலாப நிதிக்கு எவ்வளவு வெட்டு என்ற விபரங்கள் இருக்கும். ஒருகாலத்தில் செக்ரோல் புத்தகத்தில் கையால் போட்ட கணக்கு இது. இப்போது பல இடங்களில் கணினி போடுகிறது. புத்தகத்தில் கூட்டல் பிழைத்தால் பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம். கணினிக்குள் பிழைத்தால் எங்கே தேடுவது?

அப்படி ஒளிந்திருக்கும் பிழைகளில் ஒரு வகைக்கு 'நிரல் இரட்டிப்பு' என்று பெயர். ஒரே கணக்கை மென்பொருளின் பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதி வைப்பதுதான் அது.

இது சோம்பலால் மட்டும் வருவதில்லை. ஒருவர் நாட்சம்பளத்தைக் கணக்கிடச் சில வரிகள் எழுதுகிறார். பிறகு அரைப்பேருக்குத் தனிக் கணக்கு கேட்கிறார்கள். எழுதியதைக் கொப்பி எடுத்து, ஓரிரு சொல்லை மாற்றி, வேறோர் இடத்தில் ஒட்டுகிறார். விடுமுறைச் சம்பளம், சேமலாப நிதி, நிலுவை என்று ஒவ்வொன்றுக்கும் இதுவே நடக்கிறது. அன்றைக்கு எல்லாம் சரியாகவே ஓடும். சம்பளத் தொகை மாறும் நாளில்தான் சிக்கல் தொடங்கும்.

போருக்குப் பின் ஒரே விபரத்தை பொலிஸ், பிரதேச செயலகம், ஆணைக்குழு என்று அலைந்து கொடுத்த குடும்பங்களுக்கு இது புதிதல்ல. ஒரு கோப்பில் திருத்திய விலாசம் மற்றக் கோப்புக்குத் தானாகப் போய்ச் சேராது. நிரலும் அப்படித்தான்.

தோட்டச் சம்பளம் எத்தனை முறை மாறியது என்று பாருங்கள். 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் நாளொன்றுக்கு 1,000 ரூபா ஆனது. 2024 மே மாதத்தில் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அது நீதிமன்றத்தில் தடைப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும், அதற்கு மேல் அரசாங்கம் கொடுக்கும் 200 ரூபா வரவு ஊக்குவிப்பும் அறிவிக்கப்பட்டன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்தத் தொகை எழுதப்பட்ட எல்லா இடங்களையும் தேடித் திருத்த வேண்டும்.

ஓர் இடம் விடுபட்டால் என்ன ஆகும்? ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 நாள் வேலை. நாட்சம்பளப் பகுதி 1,350க்கு மாறிவிட்டது. சேமலாப நிதிப் பகுதி மட்டும் பழைய 1,000இலேயே நிற்கிறது. சரியான அடிப்படைத் தொகை 33,750 ரூபா. அதில் தொழிலாளியின் 8 வீதம் 2,700, தொழில் தருநரின் 12 வீதம் 4,050, ஆக 6,750 ரூபா நிதிக்குப் போக வேண்டும். மறந்துபோன வரியோ 25,000 ரூபாவை வைத்துக் கணக்கிட்டு 5,000 மட்டுமே அனுப்பும். மாதம் 1,750 ரூபா குறைவு, ஆண்டுக்கு 21,000.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெட்டு குறைந்ததால் தொழிலாளியின் கைக்கு 700 ரூபா கூடுதலாக வருகிறது. கூடுதலாக வந்த காசைப் பற்றி யார் முறைப்பாடு செய்வார்கள்? நிதியை எடுக்கப் போகும்போதுதான் குறை தெரியும்.

மறந்துபோன பிரதியால் உலகமே தடுமாறியதும் உண்டு. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்ற இலவச நிரல்தொகுதியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. திருத்தம் விரைவிலேயே வந்துவிட்டது. ஆனால் எண்ணற்ற மென்பொருள்கள் அதன் பிரதியைத் தமக்குள் பொதித்து வைத்திருந்தன. ஓட்டையை அடைப்பதைவிட, பிரதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகியது.

கண்டுபிடிக்கக் கருவிகள் இருக்கின்றன. 'சிபிடி', 'ஜேஎஸ்சிபிடி', 'சோனார்கியூப்' போன்றவை நிரலைச் சிறு துண்டுகளாக உடைத்து, ஒரே வரிசை மறுபடி வரும் இடங்களைக் காட்டும். அச்சொட்டான பிரதி எளிதில் சிக்கும். பெயர்கள் மட்டும் மாறியதையும் பிடிக்கலாம். இடையில் வரிகள் கூடிக் குறைந்தால் கடினம். வேறு விதமாக எழுதி அதே வேலையைச் செய்யும் நிரலைக் கருவி பெரும்பாலும் தவறவிடும்; அதற்குக் கணக்குத் தெரிந்த மனிதர் வேண்டும்.

கண்டதையெல்லாம் ஒன்றாக்குவதும் தவறு. தேயிலைக்கும் இறப்பருக்கும் தனித்தனிச் சம்பளச் சபைகள் உள்ளன. இரண்டின் தொகையும் ஒரு காலத்தில் ஒன்றாக இருக்கலாம். நாளை ஒன்று மட்டும் மாறலாம். இலக்கம் ஒன்றா என்று பார்த்தால் போதாது. ஒரே முடிவினால் இரண்டும் மாறுமா என்றே கேட்க வேண்டும்.

குறைக்கும் வழி இதுதான். முதலில் பழைய மாதங்களின் செக்ரோலை எடுத்து, இப்போதுள்ள மென்பொருள் தரும் விடைகளைப் பதிந்து வையுங்கள். பிறகு சம்பளத் தொகையை ஒரே அட்டவணைக்கு மாற்றுங்கள்: எந்தத் திகதியிலிருந்து எவ்வளவு என்று. பழைய தொகையை அழிக்கக் கூடாது. பழைய மாதத்தின் நிலுவைக்கு அதுவே வேண்டும். எல்லாக் கணக்குகளும் அந்த அட்டவணையைக் கேட்டே நடக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் புதிய விடையைப் பழைய விடையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால், தவறு புதியதிலா பழையதிலா என்று கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணினி தெரியாதவர்களும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சம்பளத் துண்டில் வேலை செய்த நாட்களை அந்த மாதத்துக்குரிய அடிப்படைச் சம்பளத்தால் பெருக்கி, அதில் 8 வீதம் பாருங்கள். வெட்டப்பட்ட தொகை அதைவிடக் குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள். பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடக் கணக்கு.