கண் திறவாத மடிக்கணினி

திருத்தப் புகுந்து கெடுத்தவர் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பர். எங்கள் குடும்பத்தில் அப்பெருமை எம்மையே சார்ந்தது.

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனதை வாசகர்கள் மறந்திரார். தெற்கே ஓர் உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்தமையே காரணமென்று கேட்டு நாடே சிரித்தது. யாம் சிரிக்கவில்லை. அவ்வேளையில் எமது மேசைமீது தமக்கையாரின் மகளுடைய மடிக்கணினி பாதி அறுவைச் சிகிச்சையிற் கிடந்தது.

அது ஏழாண்டு பழையது. "மாமா, இதைப் போட்டுவிட்டுப் போய்த் தேநீர் ஊற்றிக் குடித்து வந்தாலும் இது இன்னும் எழும்பியிராது" என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள். வாங்கிய நாளில் இருந்த நிலைக்குக் கணினியை மீட்டுத் தரும் 'றீசெற்' என்னும் வசதி உண்டென்றும், அதனைச் செய்தால் வேகம் திரும்புமென்றும் யாமே ஆலோசனை கூறினோம். வின்டோஸ் அப்போது இரண்டு வழிகளைக் காட்டும். கோப்புகளை வைத்துக்கொள்வது ஒன்று. யாவற்றையும் அழிப்பது மற்றையது. யாம் முன்னையதைத் தெரிவுசெய்தோம். கோப்புகள்தாம் இருக்கப்போகின்றனவே என்றெண்ணிப் பிரதி எடுக்கவில்லை. மின்கலம் தேய்ந்து, வயரைக் கழற்றினால் உடனே அணையும் நிலையில் இருந்ததையும் பொருட்படுத்தவில்லை.

மின்சாரம் திரும்பிவந்தபோது மாலையாகிவிட்டது. ஆளியை அழுத்தினோம். தயாரித்த கம்பனியின் சின்னம் தோன்றிற்று, அதன் கீழே புள்ளிகள் வட்டமிட்டன, திரை இருண்டது, மீண்டும் சின்னம். இரவு பத்து மணிவரை இதுவே நடந்தது.

அக்கணினியுள் அவளுடைய பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வு இருந்தது. எழுதிய அத்தியாயங்களைத் திரும்ப எழுதலாம். ஆனால், கரையோரக் கிராமங்களில் முதியோரிடம் அவள் ஒலிப்பதிவு செய்திருந்த பதினேழு செவ்விகளைத் திரும்பப் பெறுதல் எங்ஙனம்? அவருள் ஒரு மூதாட்டி தைப்பொங்கலுக்கு முன்னரே காலமாகிவிட்டார். மருமகள் எம்மை ஒரு வார்த்தையும் கடிந்து கூறவில்லை. அதுதான் தாங்கக்கூடாததாயிருந்தது.

மறுநாள் நகரத்திலுள்ள திருத்தகம் ஒன்றுக்குக் கொண்டுசென்றோம். வன்தட்டை முழுவதும் அழிக்கவேண்டும், புதிய வின்டோஸும் விலைகொடுத்து வாங்கவேண்டும் என்றார்கள். கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினோம். அவ்விரண்டும் தேவையற்றவை என்பதைக் கல்லூரியில் எம்முடன் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் இளைஞர் அன்று மாலையே விளக்கினார்.

கணினி ஒரு வீடானால் அதற்கு ஒரு வாயிற்காவலன் உண்டு. தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லொன்றிற் குடியிருக்கும் 'பயொஸ்' என்பதே அவன். ஆளியை அழுத்தியதும் அவனே முதலில் விழித்து, உறுப்புகளைச் சோதித்து, பின்னர் வன்தட்டிலுள்ள வின்டோஸைத் தட்டி எழுப்புகிறான். றீசெற் செய்வது வின்டோஸை மட்டுமே மாற்றி அமைப்பது. காவலனை அது தீண்டாது. ஆகவே, சின்னம் தோன்றுமாயின் காவலன் உயிரோடிருக்கிறான் என்பது பொருள். வெளிச்சமுமில்லை, விசிறியின் ஓசையுமில்லையென்றாற் பழுது மின்வழங்கலிலோ தாய்ப்பலகையிலோ இருத்தல் கூடும். அப்போது வயரைக் கழற்றி, மின்கலம் கழற்றத்தக்கதாயின் அதனையும் எடுத்துவிட்டு, ஆளியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, வயரை மாத்திரம் பொருத்திப் பார்க்கவேண்டும். எமது நோய் அதுவன்று.

"சேர், ஒன்று மட்டும் செய்யாதீர்கள்" என்றார் அவர். வின்டோஸ் எழும்பும் வேளையில் மூன்று முறை ஆளியைப் பிடித்து அணைத்தால், தன்னைத்தானே திருத்தும் நீலத் திரை ஒன்று பொதுவாகத் தோன்றும். அங்கேயும் றீசெற் என்ற சொல் காத்திருக்கும். பதற்றத்தில் அதனை மறுபடி அழுத்துவோர் எஞ்சியிருப்பதையும் இழத்தல் கூடும். முதலிற் கோப்புகளை வெளியே எடுக்கவேண்டும். திருத்தம் அதன் பின்னரே.

வேறொரு கணினியில் 'உபுண்டு' என்னும் இலவச லினக்ஸ் முறைமையைப் பென்ட்றைவ் ஒன்றில் ஏற்றினார். கணினி தொடங்கும்போது எவ் பன்னிரண்டாம் விசையை அழுத்தி (கம்பனிக்குக் கம்பனி இவ்விசை வேறுபடும்) பென்ட்றைவிலிருந்து எழும்புமாறு பணித்தார். எதனையும் நிறுவாமற் பரீட்சித்துப் பார்க்கும் வழியைத் தெரிவுசெய்தமையால் வன்தட்டில் ஓரெழுத்துக்கூட மாறவில்லை. வன்தட்டைத் திறந்தோம். மருமகளின் கோப்புறை வெறுமையாயிருந்தது. எமக்கு வியர்த்தது. அவரோ நிதானமாக 'வின்டோஸ்.ஓல்ட்' என்னும் கோப்புறையைத் திறந்தார். பழைய வின்டோஸ் தன் தட்டுமுட்டுச் சாமான்களோடு அதனுள் ஒதுங்கியிருந்தது. பதினேழு செவ்விகளும் இருந்தன. மருமகள் ஒன்றைத் தெரிந்தெடுத்து ஒலிக்கவிட்டாள். காலமான அந்த மூதாட்டி, கச்சான் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இடையில் இருமினார்.

பிரதிகளை வேறொரு தட்டில் ஏற்றிய பின்னரே வின்டோஸை நிறுவினோம். மைக்ரோசொப்ற் நிறுவனம் இதற்கான கருவியைத் தன் இணையத்தளத்தில் இலவசமாகவே தருகின்றது. 8 ஜிகாபைற் கொள்ளும் பென்ட்றைவ் போதும். அதில் முன்பிருந்தவை அழிந்துபோகும். விலைகொடுத்துப் புதிதாக வாங்கவும் நேரவில்லை. 2012இல் வந்த வின்டோஸ் 8 தொடக்கம், வின்டோஸுடன் விற்பனையாகும் மடிக்கணினிகளுட் பெரும்பாலானவற்றில் உரிமச் சாவி அந்த வாயிற்காவலனிடமே பதிந்திருக்கின்றது. இணையத்தோடு இணைந்ததும் உரிமம் தானே உறுதியாயிற்று.

எமக்கு வாய்த்த அதிர்ஷ்டம் எல்லோர்க்கும் வாய்க்குமென்று சொல்லமாட்டோம். புதிய மடிக்கணினிகள் பலவற்றின் தட்டுகள் மறையாக்கப்பட்டுப் பூட்டப்பட்டிருக்கின்றன. 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியின்றி லினக்ஸாலும் அவற்றைத் திறக்கவியலாது. அச்சாவி பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசொப்ற் கணக்கிலே கிடக்கும். இன்றே ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளலாம். யாவற்றையும் அழிக்கும் வழியைத் தெரிவுசெய்தவர்க்கு, அதிலும் சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. உள்ளவர்க்கு, மீட்சி அரிது. பயொஸின் அமைப்புகளையும் தொடக்க நிலைக்குத் திருப்பிவிட்டுத் தவிப்போர் உளர். தட்டோடு பேசும் முறை அதனால் மாறி, பழுதில்லாத வின்டோஸும் எழும்பாமற்போகும். அமைப்பைப் பழையபடி மாற்றினாற் பெரும்பாலும் அது எழும்பிவிடும்.

மருமகள் அவ்வாண்டே ஆய்வைச் சமர்ப்பித்தாள். 2025 ஒக்ரோபர் 14உடன் வின்டோஸ் 10இற்கான இலவச ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்க அம்மடிக்கணினிக்குத் தகுதியில்லை. ஆதலால் அதில் லினக்ஸை நிரந்தரமாக நிறுவி எமக்கே தந்துவிட்டாள். இக்கட்டுரையையும் அதிலேதான் தட்டெழுதுகின்றோம். மின்கலம் புதியது. மூடியின் உட்புறத்தில் அவள் ஒட்டிச்சென்ற துண்டுக் கடதாசி இன்னும் இருக்கின்றது: "மாமா, என்னைக் கேளாமல் ஒன்றையும் அமத்த வேண்டாம்."