காண்பது எப்படி? – 14: கருவிழியும் ஆட்டுத்தோலும்

கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் பற்றிப் போன வாரம் பார்த்தோம். பதின்வயதில் தொடங்கும், கண்ணாடி நம்பர் அடிக்கடி மாறும், இரவில் காட்பாடி ஜங்ஷன் சிக்னல் விளக்கு ஒன்று நாலாகத் தெரியும். அதற்கான லென்ஸ்களை இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். கொலாஜன் வந்து குறுக்கே நின்றுவிட்டது.

காட்பாடியில் ரயிலேறி ஆம்பூர், வாணியம்பாடி போகிறவர்களுக்குத் தோல் ஷாப் வாடை பழக்கம். அங்கே பதனிடும் ஆட்டுத்தோல் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நார்தான். நம் கருவிழியின் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கும் அதே நார் அடுக்குகள். நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டர் சொச்சம். கண் ஒளியை வளைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலை அந்த அரை மில்லிமீட்டருடையது. ஆட்டுத்தோலில் நார்கள் கண்டபடி பின்னிக் கிடப்பதால் ஒளி சிதறிவிடுகிறது. கருவிழியில் எல்லா நாரும் ஏறக்குறைய ஒரே பருமன், சீரான இடைவெளி; ஒளி தடையின்றி உள்ளே போகிறது.

இந்த நாரின் மூலக்கூறு மூன்று இழை முறுக்கு என்று 1954-இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆராய்ந்தது கங்காரு வால் நாணின் கொலாஜனை! அவர்களுடைய கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதை நினைக்கும்போது சிலிர்க்கிறது.

பச்சைத்தோல் அழுகும், வெந்நீரில் அறுபது சொச்சம் டிகிரியிலேயே சுருங்கிவிடும். குரோமியம் ஏற்றினால் கொதிநீரையும் தாங்கும். அந்தக் காலத்து ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலை வேறு வகையில் கெட்டிப்படுத்தின. எல்லாமே நாருக்கும் நாருக்கும் இடையே பிணைப்புப் போடும் வேலை. கெரட்டோகோனஸில் கருவிழி நார்களின் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. உள்ளழுத்தம் தாங்காமல் படலம் முன்தள்ளுகிறது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வோலன்சாக், ஸ்போயர்ல், சைலர் மூவரும் அந்தப் பிணைப்பை உயிருள்ள கண்ணில் போட்டார்கள். முடிவுகள் 2003-இல் வெளிவந்தன. மேல்தோலை வழித்துவிட்டு, ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2 சொட்டு விட்டு, அரை மணி நேரம் புற ஊதா ஒளி காட்ட வேண்டும். சர்க்கரை கொலாஜனைத் தானாகவே பிணைக்கும் என்பதும் இங்கே பொருந்தி வருகிறது: நீரிழிவு உள்ளவர்களிடம் இந்தக் கூம்பு அதிகம் முற்றுவதில்லை என்று சில ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். வயதானாலும் பிணைப்பு கூடும்; நாற்பதை ஒட்டிப் பெரும்பாலும் நோய் நின்றுவிடுவது அதனால்தான்.

படலம் 400 மைக்ரானுக்குக் கீழே மெலிந்துவிட்டால் இந்த முறையை அப்படியே செய்ய முடியாது. ஒளி ஊடுருவி உட்பக்கச் செல்களைக் கெடுக்கும். ஆகவே அவ்வளவு மெலியும் முன்பே கண்டுபிடிக்க வேண்டும்: பிள்ளை ஓயாமல் கண்ணைக் கசக்கினால், கண்ணாடி நம்பர் ஏறிக்கொண்டே போனால், கருவிழி வரைபடம் எடுத்துப் பாருங்கள். கசக்கக் கசக்கக் கூம்பு முற்றும் என்பதால், அரிப்புக்கு மருந்து கேளுங்கள், கசக்க விடாதீர்கள்.

பிணைப்பு போட்டால் பெரும்பாலானவர்களுக்குக் கூம்பு மேலும் வளராது. வந்த வளைவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். தெளிவாகப் பார்க்க அந்த மேடுபள்ளத்தின் மேல் புதிதாக ஒரு வழவழப்பான பரப்பு வேண்டும். அதைத் தரும் விறைப்பான லென்ஸ்கள் அடுத்த வாரம்.