எல்லை தாண்டும் ஆட்டம் – 6: முப்பத்தொன்பதாவது சுற்று

உள்நாட்டு லீக் ஒன்றை வெளிநாட்டு ரசிகர்களிடம் கொண்டுசேர்ப்பது என்பது ஆட்டத்தின் படத்தை அனுப்புவதாகவும் இருக்கலாம், ஆட்டத்தையே அங்கு கொண்டுபோய் நடத்துவதாகவும் இருக்கலாம். இவ்விரண்டும் ஒரே முயற்சியின் அடுத்தடுத்த படிகள் என்று லீக் நிர்வாகிகள் கருதுவது வழக்கமாயினும், இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தின் வரலாறு அந்தக் கருத்துக்கு இடம் தருவதில்லை.

1992இல் 22 கழகங்கள் பழைய ஃபுட்பால் லீக்கிலிருந்து பிரிந்து இந்த லீக்கைத் தொடங்கியபோது, உள்நாட்டுத் தொலைக்காட்சி வருமானத்தில் பாதியைச் சமமாகவும் மீதியைத் தரவரிசை, நேரலையான ஆட்டங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்தும் பிரித்துக்கொள்ளும் முறையை வகுத்தன. வெளிநாட்டு வருமானத்தையோ முழுக்கச் சமமாகப் பங்கிட்டன. சில்லறைத் தொகையாக இருந்தவரை அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தொகை பெருகப் பெருகப் பெரிய கழகங்கள் முணுமுணுத்தன. 2018இல், இனிக் கூடுதலாக வரும் வெளிநாட்டு வருமானம் தரவரிசைப்படி பிரிக்கப்படும் என்று விதி மாறியது. 2022–25 ஒப்பந்தக் காலத்தில் வெளிநாட்டு உரிமைகளின் மதிப்பு உள்நாட்டு உரிமைகளின் மதிப்பை முதன்முறையாக விஞ்சியது.

இதில் விந்தையான ஒரு விளைவும் உண்டு. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்து ஆட்டம் எதையும் நேரலையாக ஒளிபரப்பக் கூடாது என்ற தடை, கீழ்நிலை லீக்குகளின் மைதானங்கள் காலியாகிவிடக் கூடாது என்பதற்காக 1960களில் ஏற்பட்டு இன்றும் நீடிக்கிறது. ஆகவே 2022 முதல் 2025 வரை, ஒரு பருவத்தின் 380 ஆட்டங்களில் 200 மட்டுமே பிரிட்டனில் நேரலையாக வந்தன. அதே லீக்கின் 380 ஆட்டங்களையும் சிங்கப்பூர்வாசி சந்தா கட்டி வீட்டிலிருந்தே பார்த்தார். பகல் 12.30க்குத் தொடங்கும் சனிக்கிழமை ஆட்டம் குளிர்காலத்தில் சென்னைக்கு மாலை 6 மணிக்கும் சிங்கப்பூருக்கு இரவு 8.30க்கும் வாகாக அமைய, தம் அணியோடு லண்டனுக்கு வரும் நியூகாசில் ரசிகர் ஏறத்தாழ 450 கிலோமீட்டர் பயணத்துக்காக விடியும் முன்பே கிளம்ப வேண்டியிருக்கிறது. சந்தா கட்டுபவர் எங்கோ இருக்க, அவர் காசு கொடுத்துக் கேட்கும் ஆரவாரத்தை எழுப்புபவர் இவர்தான்.

படத்தை அனுப்புவதோடு நில்லாமல் ஆட்டத்தையே வெளிநாட்டில் நடத்த 2008 பிப்ரவரியில் லீக்கின் அப்போதைய தலைமை நிர்வாகி ரிச்சர்ட் ஸ்கூடமோர் முன்வைத்த திட்டம் தடுக்கி விழுந்தது. 20 அணிகளில் ஒவ்வொன்றும் மற்ற 19 அணிகளையும் சொந்த மைதானத்தில் ஒருமுறை, எதிரணி மைதானத்தில் ஒருமுறை எனச் சந்திப்பதால் ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள் கிடைக்கின்றன. இதற்கு மேல் 39ஆவதாக ஒரு சுற்றை 2011 ஜனவரி முதல் ஐந்து வெளிநாட்டு நகரங்களில் நடத்தலாம் என்றார் அவர். எந்த அணி யாருடன் மோதும் என்பது குலுக்கலில் முடிவாகும், வெற்றிப் புள்ளிகளோ பட்டியலில் சேரும். அதாவது, கீழ்நிலைக்கு இறங்கும் அபாயத்தில் உள்ள இரு அணிகளில் ஒன்றுக்கு வலுவான எதிரியும் மற்றொன்றுக்கு எளிய எதிரியும் குலுக்கலில் வாய்க்கலாம். ரசிகர் அமைப்புகள் மட்டுமன்றி, எந்தக் கண்டத்தின் சந்தையைக் குறிவைத்து இது தீட்டப்பட்டதோ அந்த ஆசியாவின் கால்பந்துக் கூட்டமைப்பும், உள்ளூர் லீக்குகளின் வளர்ச்சி கெடும் என்று எதிர்த்தது, ஃபிஃபாவும் ஏற்கவில்லை. திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

ஸ்பெயினின் லா லிகாவுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. வியாரியல்–பார்சிலோனா ஆட்டம் 2025 டிசம்பரில் மயாமியில் நடக்கும் என்று அறிவிப்பு வந்தபின், அவ்வாண்டு அக்டோபரில் லீக் ஆட்டங்கள் தொடங்கிய முதல் 15 விநாடிகள் வீரர்கள் நகராமல் நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த மாதமே மயாமி ஆட்டம் கைவிடப்பட்டது.

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் மட்டும் 2007இலிருந்து லண்டனுக்கு வழக்கமான பருவ ஆட்டங்களைக் கொண்டுசெல்ல முடிந்ததற்கு அமெரிக்க நிர்வாகத் திறமையே காரணம் என்று கூறப்படுவதுண்டு. அதைவிட எளிய விளக்கம் அதன் ஆட்ட அட்டவணையிலேயே இருக்கிறது. 32 அணிகள் ஒன்றையொன்று சந்தித்தே தீர வேண்டும் என்ற நியதி அங்கு எப்போதும் இருந்ததில்லை. கீழ்நிலைக்கு இறங்குதல் என்பதும் இல்லை. 2021இல் ஓர் அணிக்கான ஆட்டங்கள் 17 என ஒற்றைப்படையாக்கப்பட்டதும், ஆண்டுதோறும் பாதி அணிகளுக்கு ஒன்பதாவதாக ஒரு சொந்த மைதான ஆட்டம் சேர்ந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பத் தோதாகக் கிடைத்தது அந்த ஒன்பதாவது ஆட்டமே.

(தொடரும்)