பூட்டால் வந்த வினை

1997 ஜூலை 4இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாள்களில் அடிக்கடி தானாகவே மறுதொடக்கம் ஆனது. காரணம், மென்பொருளில் இருந்த ஒரு பூட்டு!

பல பணிகள் ஒரே தரவைத் தொடும்போது, ஒன்று முடிக்கும்வரை மற்றவை காத்திருக்கப் பூட்டுப் போடுவது வழக்கம். அன்று பூட்டு, முன்னுரிமை குறைந்த வானிலைப் பணியிடம் இருந்தது. அவசரப் பணி அதற்காகக் காத்திருந்தது. நடுத்தரப் பணி ஒன்று குறுக்கே புகுந்து வானிலைப் பணியை ஓடவிடவில்லை. கெடு தவறியதால் மறுதொடக்கம். பூட்டு வைத்திருக்கும் பணிக்குத் தற்காலிகமாக உயர் முன்னுரிமை தரும் வசதியைப் பொறியாளர்கள் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தனர்.

பூட்டே இல்லாமல் முடியாதா? முடியும் என்பதைத்தான் கணினிப் பொறியியல் மாணவர்களாகிய நாங்கள் இப்போது படிக்கிறோம். ஒரு பணி, தான் படித்த மதிப்பு இன்னும் மாறவில்லையா என்று ஒப்பிட்டு, மாறவில்லை என்றால் அதே நொடியில் புதியதை எழுதும். இரண்டையும் பிரிக்க முடியாத ஒரே கட்டளையாகச் செயலி செய்துவிடும். இடையில் வேறொரு பணி மாற்றியிருந்தால், மீண்டும் முயலும். யாரும் யாரையும் பூட்டி வைப்பதில்லை.

ஆனால், எத்தனை முறை முயல நேரிடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். விபத்தில் காரின் காற்றுப்பை விரியவேண்டிய கணத்தில், “இன்னொரு முறை முயல்கிறேன்” என்று கணினி சொல்ல முடியாதல்லவா?