மண்பானை வாங்கியும் தண்ணீர் ஜில்லுனு ஆகலையா? களிமண்ணுக்குள்ளே நடப்பது இதுதான்!

கோடை தொடங்கியதுமே சாலையோரங்களில் பானைக் கடைகள் முளைத்துவிடும். குழாய் வைத்தது, வைக்காதது, பூப்போட்டது, பெயின்ட் அடித்தது என அடுக்கி வைத்திருப்பார்கள். ஆசையாக வாங்கிட்டு வந்து தண்ணி ஊத்தி வச்சா, மறுநாள் காலையில் 'சாதாரண தண்ணி மாதிரிதானே இருக்கு?' என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். தப்பு பானையிலா, நம்ம ஊரிலா? அதைத் தெரிஞ்சுக்க, முதலில் களிமண்ணைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

களிமண் ஏன் ஒட்டுகிறது?

களிமண் துகளின் அளவு 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மணல் துகள் உருண்டை மாதிரி இருக்கும் என்றால், களிமண் துகள் தட்டையான தகடு. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். தள்ளினால் வழுக்கும், பிரிக்கப் பார்த்தால் வராது. களிமண்ணுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. அதனால்தான் சக்கரத்தில் வைத்து எப்படி வளைத்தாலும் வளைகிறது, கையை எடுத்ததும் அப்படியே நிற்கிறது.

காயும்போது நடுவில் இருந்த தண்ணீர் போய்விடும். தகடுகள் நெருங்கும், மண் சுருங்கும். வற்றிய ஏரித் தரை பாளம் பாளமாக வெடிப்பது இதனால்தான். பானையும் அப்படி வெடிக்கக் கூடாது என்றுதான் களிமண்ணோடு மணலைச் சேர்த்து மிதிக்கிறார்கள்.

வெயிலில் மட்டும் காய்ந்த பானையில் தண்ணீர் ஊற்றினால் மறுபடி சேறாகிவிடும். சுடாத களிமண் பிள்ளையார் கிணற்றில் கரைவதும் இப்படித்தான். ஆனால் சூளையில் சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, மண்ணின் அமைப்புக்குள்ளேயே கட்டுண்டு கிடந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பிறகு அது திரும்பக் களிமண் ஆகாது. கீழடியில் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் மண்ணுக்குள் கிடந்த பானை ஓடுகள் கரையாமல் நமக்குக் கிடைத்ததே இதனால்தான்.

குளிர்ச்சி எங்கிருந்து வருது?

சுட்ட பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். உள்ளே இருக்கும் தண்ணீர் அதன் வழியாகக் கசிந்து வெளிப்பக்கம் வந்து ஆவியாகும். ஆவியாக வெப்பம் வேண்டுமே? அதை மிச்சம் இருக்கும் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. கணக்குப்படி 10 லிட்டர் பானையில் 100 மில்லி ஆவியானாலே, மீதித் தண்ணீர் ஐந்தாறு டிகிரி குறைய வேண்டும். வெளி வெப்பமும் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு குறையாது.

சென்னைவாசிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் நிறைய இருந்தால் தண்ணீர் எளிதில் ஆவியாகாது. வெப்பம் 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு நல்ல பானையாக இருந்தாலும் தண்ணீர் சுமார் 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. அதுவே உள்மாவட்டத்தில் 38 டிகிரி வெயில் அடித்து, ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் 24 டிகிரியை நெருங்க முடியும். வெயில் அதிகமான ஊரில்தான் பானைத் தண்ணி ஜில்லுனு இருக்கும்! கடற்கரை ஊர்க்காரர்கள் பானைக்காரரைத் திட்டுவதில் பாதி அநியாயம்.

மீதிப் பாதிக்குக் காரணம் பெயின்ட். வெளியே பெயின்ட் அல்லது வார்னிஷ் அடித்த பானை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் துளைகள் அடைபட்டுவிட்டால் அது வெறும் பாத்திரம்தான். வாங்கும்போது விரலில் தண்ணீர் தொட்டு வெளிப்பக்கம் ஒரு சொட்டு வையுங்கள். உடனே உறிஞ்சினால் வாங்கலாம், உருண்டு ஓடினால் வேண்டாம். தட்டிப் பார்க்கவும் மறக்காதீங்க. 'கணீர்' என்று கேட்டால் விரிசல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒருநாள் தண்ணீரில் ஊறவிடுங்கள். பிறகு காற்று வரும் இடத்தில், ஈர மணல் மேல் வையுங்கள். பாட்டிகள் ஈரத்துணி சுற்றி வைத்ததும் காரணத்தோடுதான். உப்புத் தண்ணீர் ஊற்றினால் வெளியே வெள்ளையாக உப்புப் பூத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துளைகள் அடைபடும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் போதும். சோப்பு போட்டால் அதையும் பானை உறிஞ்சிக்கொள்ளும்.

இன்னொன்று. பானைத் தண்ணி குடிச்சா அல்சர் போயிடும், கிருமியெல்லாம் செத்துடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பானை ஃபில்டர் இல்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையே அதில் ஊற்றுங்கள்.

பென்சிலிலும் களிமண்

பானை, செங்கல், ஓடு நமக்குத் தெரியும். ஆனால் பென்சில் முனையும் களிமண்தான்! கிராஃபைட்டோடு களிமண் கலந்து சுட்டால் முனை ரெடி. களிமண் கூடினால் எழுத்து மங்கலாக, கெட்டியாக வரும் 'எச்' பென்சில். குறைந்தால் கறுப்பாக எழுதும் 'பி'. முகத்தில் பூசும் முல்தானி மிட்டியும், காகிதத்தை வழவழப்பாக்கும் கயோலினும் களிமண் வகைகளே. மானாமதுரையில் இதே மண்ணை இன்னும் கனமாக வனைந்து கடம் ஆக்குகிறார்கள். அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மண் கிடைக்கிறதா?

பானை செய்பவருக்கு மண்ணை எடுக்கவே அனுமதி வேண்டும். ஏரி, கண்மாய்களில் களிமண் எடுக்க மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டியிருந்தது. 2024-ல் தமிழக அரசு இந்த நடைமுறையை மாற்றியது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரிடமே அனுமதி பெற்று, வண்டல் மண்ணையும் களிமண்ணையும் இலவசமாக எடுக்கலாம். ஆனால் கண்மாய் வற்றியிருக்கும் மாதங்களில்தான் மண் எடுக்க முடியும். மழை தொடங்கிவிட்டால் மண்ணும் எடுக்க முடியாது, வனைந்த பானையும் காயாது. அனுமதி ஒரு மாதம் தள்ளிப்போனால்கூட, அடுத்த கோடைக்கு அடுக்க வேண்டிய பானையின் எண்ணிக்கை குறைந்துவிடும்.