தறியிடம் கற்ற தாளப் பாடம்



காஞ்சி மாநகரில் பங்குப் பணியாற்றிய நாள்களில், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் சிறார்களுக்கு இசை கற்பிக்கும் பொறுப்பையும் நாம் ஏற்றிருந்தோம். குருமடத்தில் பயின்றவாறே, முதல் நாளிலேயே கரும்பலகையில் ஐந்து கோடுகளை வரைந்தோம். அவற்றின்மேல் சுரக் குறிகளை இட்டுப் பெயர்களை மனப்பாடம் செய்வித்தோம். ஒரு திங்கள் கடந்தது. பெயர்களைப் பிழையின்றி ஒப்பித்த பிள்ளைகளால் ஒரு வரியையேனும் பார்த்துப் பாட இயலவில்லை. பொறுமையிழந்த நாம், நெசவாளர் மகன் ஒருவனை எழுப்பி, "உனக்குத் தாளமே வராது" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துரைத்தோம். மறுவாரம் முதல் அவன் பாட்டு வகுப்பிற்கு வரவில்லை.

சில நாள்கள் கழித்து அவன் இல்லம் சென்றோம். தந்தையார் தறியில் அமர்ந்திருந்தார். மிதி, நாடா, பலகை என அடுத்தடுத்து எழுந்த ஓசை மாறா ஒழுங்கில் ஒலித்தது. பையன் சுவரோரம் அமர்ந்து வீட்டுப் பாடம் எழுதியவாறே, இடக்கை விரலால் அவ்வோசைக்கு இசையத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். இழை அறுந்து தறி நின்றது, விரலும் நின்றது. தறி மீண்டும் ஓடியபோது, முதல் ஓசையிலேயே விரலும் வந்து சேர்ந்தது. இவனையா தாளம் வராதவன் என்றோம்! நாணத்தால் தலைகுனிந்தோம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்வதே ஆசிரியக் கலை. ஐந்து கோட்டு முறைக்கு வித்திட்டவருள் தலையாயவராகிய அரேசோ நகர்க் குயிதோ என்னும் 11-ஆம் நூற்றாண்டுத் துறவியும் இவ்வழியே சென்றார். திருமுழுக்கு யோவான் மீதான ஒரு பாடலில் அடுத்தடுத்த அடிகள் ஒவ்வொரு சுரமாக உயர்ந்து தொடங்கின. அவ்வடிகளின் முதல் அசைகளையே சுரங்களின் பெயர்களாக்கினார். சிறுவர் பாடலை முதலில் செவியால் அறிந்தனர். பின்னரே குறியைக் கண்டனர். பத்தாண்டுகள் முயன்றும் கைவராத பயிற்சி, ஓரிரு ஆண்டுகளில் கைகூடும் என்று அவர் எழுதினார்.

நம் நாட்டு மரபும் இதுவே. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) போன்ற லய மேதைகளை ஈன்ற ஊரில், கையையும் வாயையும் விடுத்துக் கரும்பலகையை நாடியது எமது பிழையன்றோ?

எனவே முறையை மாற்றினோம். முதலில் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையில் போடச் செய்தோம். ஓர் எண்ணிக்கைக்குத் 'தா' என ஒன்றும், 'தக' என இரண்டும், 'தகதிமி' என நான்குமாகச் சொல்வித்தோம். இவை நாவில் நிலைத்த பின்னரே குறிகளைக் காட்டினோம். நம் சுரதாளக் குறிப்பில் எழுத்தின்மேல் ஒரு கோடு இட்டால் வேகம் இரட்டிக்கும். இரு கோடுகள் இட்டால் நான்கு மடங்காகும். மேனாட்டுக் குறிகளிலும், கால் சுரங்களை ஒரு பட்டையால் இணைத்தால் எண்ணிக்கைக்கு இரண்டு, இரு பட்டைகளால் இணைத்தால் நான்கு. இவ்வொற்றுமையைக் கண்டதும் பிள்ளைகளின் அச்சம் அகன்றது.

அடுத்து, 'தகிட தகிட தக' என்று சொல்வித்துக் கூட்டச் சொன்னோம். மூன்றும் மூன்றும் இரண்டும் எட்டு! பட்டுப் புடைவையின் உடலையும் வேறு நிறக் கரையையும் பிணைத்து நெய்வதைக் காஞ்சியில் கோர்வை என்பர். சொற்கட்டுகளைக் கணக்காகத் தொகுத்து, பெரும்பாலும் மும்முறை வாசித்து, உரிய இடத்தில் முடிப்பதை மிருதங்க வித்துவான்களும் கோர்வை என்றே வழங்குவர். இதைச் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து அமர்ந்தது.

அங்ஙனமாயின் குறிகள் எதற்கு என வினவலாம். தறியில் ஜக்கார்டு அட்டையின் துளைகள் எதற்கோ, அதற்கே. நெய்தவர் மறைந்தாலும் அட்டை இருப்பின் அதே பூவை மீண்டும் நெய்யலாம். இதனை உணர்ந்தே, கிறிஸ்தவராகிய சின்னசாமி முதலியார் நம் நாட்டுக் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறிகளில் எழுதி 1893-இல் சென்னையில் வெளியிட்டார். கண்ணொளி மங்கியபோதும் அவர் அப்பணியை மறக்கவில்லை. எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரை அவர் தூண்டியதன் பயனாகவே, 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூல் வெளிவந்தது.

அச்சிறுவனிடம் வகுப்பறையிலேயே மன்னிப்புக் கேட்டோம். எல்லார் முன்னும் புண்படுத்தியதை எல்லார் முன்னுமே ஆற்ற வேண்டுமல்லவா? 'தகதிமி'யைக் குறியில் கண்ட அவன், "சாமி, இது எங்க அப்பா தறி வேகமா ஓடுற மாதிரி இருக்கு" என்றான். அன்று முதல் வகுப்பிற்குத் தாளம் போட்டவன் அவனே.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! "உனக்கு வராது" என்னும் சொல்லை நாவில் எடுக்குமுன், அக்குழந்தையின் விரல் எங்கே தட்டிக்கொண்டிருக்கிறது என ஒருகணம் நோக்குவீர்களாக.